உறக்கராணியின் கட்டில்

போன வாரம் அம்முவுக்குக் கணக்குப் பரீட்சை. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அப்படி என்ன பரீட்சை என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் அதையேதான் கேட்டார். இருந்தாலும் முந்தின நாள் சாயங்காலம் முழுக்க நானும் அவளும் தரையில் உட்கார்ந்து, குருமாவுக்கு எடுத்த பட்டாணியை ஐந்தைந்தாகக் கூட்டிவைத்து வாய்ப்பாடு படித்தோம். காலையில் தலை பின்னும்போதும் சொல்லவைத்தேன். இது அதிகமோ என்று ஒரு பக்கம் தோன்றியது. சொல்லவைக்காமல் விட்டால் அதுவும் தப்பாகிவிடுமோ என்று இன்னொரு பக்கம். எனக்கு எதுவுமே ஒரு பக்கமாகத் தோன்றாது.

கழக்கூட்டம் என்கிற மலையாள ஊரில் எங்கள் குடியிருப்பு வாசலில் ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது எதிர் பிளாக்கிலிருந்து தியா ஓடிவந்தாள். அம்முவின் உயிர்த்தோழி.

"படிச்சோ?" என்று கேட்டாள்.

"ஞான் ஒண்ணும் படிச்சில்லா" என்றாள் அம்மு. ஒன்றுமே படிக்கவில்லையாம். துளித் தயக்கம் இல்லை.

"ஞானும்."

தியாவின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர்கள் வீட்டுக்கு டியூஷன் டீச்சர் வந்துபோனதை நான் பால்கனியிலிருந்து பார்த்திருந்தேன். நானும் சிரித்தேன். இரண்டு குழந்தைகளும் வேனில் ஏறிப் போனார்கள். மழையில் சரியாகக் காயாத யூனிஃபார்மை இஸ்திரிப்பெட்டியால் காயவைத்தால் ஒரு வாசனை வருமே, அது என் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாசனையும் அந்த வாக்கியமும் எனக்கு ஒரே இடத்திலிருந்து வந்தவை.

ஊருக்கு வெளியே, ரப்பர் தோட்டங்கள் தாண்டி ஒரு சரிவில் இருந்தது நான் படித்த இடம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் இந்த ஊரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்வார்கள். எனக்கு அங்கே சீட் கிடைத்ததும், சாலை பஜாரில் மொத்தப் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பா, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிடி முந்திரி அள்ளிக் கொடுத்தார். சரக்கு இறக்க வந்த லாரிக்காரர்களுக்கும் கொடுத்தார். என் பெட்டியைக் கடையில்தான் வைத்திருந்தோம். விடுதியில் அதைத் திறந்ததும் உள்ளே இருந்து மிளகாய் வத்தல் நெடி கிளம்பி, வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் தும்மினார்கள். அறையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் தும்மவில்லை.

"வத்தலா? நல்லது. என் பையில டீசல் நாத்தம், உன் பெட்டியில வத்தல் நாத்தம். ரூம் ஜோராட்டு இருக்கும்" என்றாள்.

அவள் செல்வராணி. மலையடிவாரத்து வித்துராக்காரி. அப்பா ஜீப் ஓட்டுகிறவர், பொன்முடிக்கும் எஸ்டேட்டுகளுக்கும் ஆள் ஏற்றிப் போவார். முந்தைய தலைமுறையில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைக்கு வந்த குடும்பம். எங்கள் குடும்பமும் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் அன்றைக்கே 'ஏட்டி' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டோம். அந்த விடுதியில் தமிழ் கேட்ட அறை எங்களுடையது ஒன்றுதான்.

சீட் கிடைத்ததற்காக வித்துரா ஜங்ஷனில் ராணிக்கு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஜீப் டிரைவர்களும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களும் சேர்ந்து வைத்தது. நாட்டின் அபிமானம், அதாவது ஊரின் பெருமை, என்று மலையாளத்தில் பெரிதாக எழுதி, நடுவில் இவள் முகம், கீழே டிரைவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக. "என் மூக்கு மட்டும் ஒரு ஆட்டோ அளவு இருக்குட்டி" என்று போனில் காட்டினாள். முதல் மாதங்களில் அதைக் காட்டாத ஆள் பாக்கியில்லை.

இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு கற்பனை உண்டு. மரத்தடியில் உட்கார்ந்து பெரிய விஷயங்கள் பேசுவார்கள், ஆளுக்கு ஆள் மூளை மின்னும் என்று. எனக்கு ஞாபகம் இருப்பது ஈரத்துணி தொங்கும் தாழ்வாரமும், மெஸ்ஸில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுவதும்தான். நாங்கள் எல்லாருமே அவரவர் பள்ளியில் முதல் மாணவிகள். அங்கே போனதும் யாரோ ஒருத்தி கடைசியாக வந்தாக வேண்டும். மதிப்பெண் நம் விடையைப் பொறுத்தது இல்லை, மற்றவர்கள் விடையைப் பொறுத்தது. மொத்த வகுப்பையும் வரிசையில் நிறுத்தி, மேலே இத்தனை பேர், கீழே இத்தனை பேர் என்று வெட்டுவார்கள். பக்கத்து அறைக்காரி ஒரு படி ஏறினால் நாம் ஒரு படி இறங்கினோம்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாரைப் பார்த்தாலும், "ஞான் ஒண்ணும் படிச்சில்லா" என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வணக்கம். படிக்காமல் மார்க் வாங்கினால் மூளைக்காரி. படித்து வாங்கினால் 'படிப்பி'. அது அங்கே ஒரு வசை. கதவு தட்டப்பட்டால் புத்தகம் தலையணைக்கு அடியில் போகும், லேப்டாப்பில் எப்போதும் பாதியில் நிறுத்திவைத்த ஒரு படம் தயாராக இருக்கும். நானே குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு படித்திருக்கிறேன். ஒரு பெண் இவ்வளவு நேரமா குளிப்பாள் என்று விடுதியில் என்னைப் பற்றி வேறு மாதிரிப் பேச்சு இருந்தது. படிப்பி என்று சொல்வதைவிட அது தேவலை என்று விட்டுவிட்டேன்.

ராணிக்கு அந்தக் கவலையே இல்லை என்று நினைத்தேன். அவள் தூங்கினாள். வகுப்பு முடிந்து வந்தால் போர்வையைத் தலைவரை இழுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். காலையில் நான் எழும்போதும் அதே கோலம். மேல் மாடி அஞ்சனா அவளுக்கு 'உறக்கராணி' என்று பெயர் வைத்தாள். விடுதி முழுக்க அதே பெயர் ஆனது. பக்கத்தில் ஒருத்தி இவ்வளவு நிம்மதியாகக் கிடக்கிறாளே என்று எனக்கு வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

முதல் செமஸ்டர் முடிவு வந்தபோது ராணி பாதிப் பாடங்களில் தோற்றிருந்தாள். தாழ்வாரத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"உறக்கராணி, இங்ஙனெ உறங்கினா எங்ஙனெயா ஜயிக்குந்நே?" என்றாள் அஞ்சனா.

"அடுத்த செம்முக்குக் கண்ணைத் தொறக்கேன்" என்றாள் ராணி. எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட ராணி அதிகமாகச் சிரித்தாள்.

விதி என்னவென்றால், தொடர்ந்து இரண்டு செமஸ்டர் அந்த வெட்டுக்கோட்டுக்குக் கீழே போனால் சீட் போய்விடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாள் மெஸ்ஸிலிருந்து திரும்பும்போது மெதுவாகக் கேட்டேன்.

"ஏட்டி, இந்தத் தடவை ரெண்டு பேருமா சேர்ந்து படிப்பமா?"

நின்று என் முகத்தைப் பார்த்தாள். "நீ படிப்பியா?" என்றாள். அது கேள்வியா கிண்டலா என்று எனக்குப் புரியவில்லை.

"இல்லட்டி. சும்மா கேட்டேன்."

"அதான பாத்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஊருக்குப் போவது குறைந்தது. போனாலும் ஜங்ஷனுக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடப்பாளாம். "அந்த மூக்கை யாரு பாக்கது" என்றாள். வெயிலில் ஃபிளெக்ஸ் வெளுத்துப் போயிருந்தது, ஆனாலும் யாரும் கழற்றவில்லை. அம்மாவோடு தினமும் தாழ்வாரத்து மூலையில் நின்று போன் பேசுவாள். "எந்நேரமும் படிச்சிட்டுதான் கெடக்கேம்மா" என்பாள். அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே வந்து போர்வையை இழுத்துக்கொள்வாள். அம்மாவிடம் கொஞ்சமும் வெட்கமில்லாமல் பொய் சொல்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாவது செமஸ்டரும் போயிற்று.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஜீப்பில் வந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் அம்மா மெலிந்த பெண், ஈரச் செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவைத்துவிட்டு, யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்ததுபோல் ஓரமாக நின்றாள். "மக்ளே, இவ படிக்கலியா? போன்ல எந்நேரமும் படிக்கேன்னுதான சொன்னா" என்று என்னிடம் கேட்டாள். நான் ராணியைப் பார்த்தேன். அவள் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே அஞ்சனாவும் இன்னும் சிலரும் வழியனுப்ப நின்றார்கள்.

ராணியின் டிரங்குப்பெட்டி கட்டிலுக்கு அடியில் சிக்கிக்கொண்டிருந்தது. விடுதிக் கட்டில்கள் எல்லாம் இரும்புக் குழாய்க் கட்டில்கள். குழாயின் மேல்முனையை அடைத்திருந்த மூடி பலவற்றில் விழுந்துபோயிருக்கும், காலில் மட்டும் ரப்பர் அடைப்பு இருக்கும். அவள் அப்பா தலைமாட்டுப் பக்கத்தைத் தூக்கினார். சுவரோரக் காலின் ரப்பர் தரையில் ஒட்டிக்கொண்டு கழன்றது. குழாய்க்குள்ளிருந்து ஏதோ சரசரவென்று கொட்டியது. மழைத் தண்ணீர்தான் எங்கோ ஒழுகுகிறது என்று முதலில் நினைத்தேன்.

ரீஃபில்கள். எழுதித் தீர்ந்த பேனா ரீஃபில்கள். தரையில் விழுந்து என் கட்டில்வரை உருண்டு வந்தன. கொட்டி முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் கொட்டியது.

அவள் அப்பா கட்டிலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"இதெல்லாம் உனக்கதா மக்ளே?" என்று அவள் அம்மா கேட்டாள்.

ராணி வாசலைப் பார்த்தாள். அங்கே அஞ்சனா நின்றாள். "எனக்கது இல்லம்மா. முன்ன இந்த ரூம்ல இருந்த பிள்ளைக்கதா இருக்கும்" என்றாள்.

எல்லாம் ஊதா நிறம். பரீட்சைத்தாளில் ஊதா மையில் எழுதக்கூடாது, அதனால் அந்த நிறத்தை அங்கே யாரும் வாங்கமாட்டார்கள். ராணி மட்டும் வித்துராக் கடையில் வாங்கிவந்து வைத்திருப்பாள். படம் கிறுக்க என்று சொல்வாள். அவள் அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். என் கட்டிலுக்கு அடியில் போனதைக்கூடக் கைவிட்டு எடுத்தாள்.

"ஜீப் வழியை மறிச்சு நிக்கி. வாங்க" என்றார் அப்பா.

தூக்கம் என்று நான் நினைத்தது போர்வைக்குள் ஒளிந்து கணக்குப் போட்டது. அவள் எங்களிடம்தான் பொய் சொன்னாள், அம்மாவிடம் இல்லை. அத்தனையும் எழுதிப் பார்த்தும் அவளுக்கு வரவில்லை. எங்கே இடிக்கிறது என்று அவள் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. கேட்டால் படித்தது தெரிந்துவிடும். தூங்கித் தோற்றவளாகவே போவது என்று முடிவுசெய்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அஞ்சனாவை மெஸ் வரிசையில் பார்த்தேன். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில், "ஞான் ஒண்ணும் படிச்சில்லா" என்றாள். அன்றைக்குப் பரீட்சையே இல்லை.

ராணியின் எண் கொஞ்ச நாள் அடித்துக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் பொன்முடி போகிற வழியில், டீ குடிக்கலாம் என்று சொல்லி வித்துராவில் வண்டியை நிறுத்தவைத்தேன். ஜங்ஷனில் அதே சட்டத்தில் வேறொரு பெண்ணின் ஃபிளெக்ஸ். டீக்கடையில் விசாரித்தேன். "டிரைவர் ஜீப்பை வித்துட்டாரு. குடும்பத்தோட திருப்பூருக்குப் போயாச்சு, பனியன் கம்பெனிக்கு" என்றார்கள். "மகளோ?" "மகளும்தான்." டீ ஆறிப்போயிற்று.

விடுதியை இப்போது இடித்துக் கட்டியிருக்கிறார்கள். பழைய மாணவிகள் குழுவில் அஞ்சனா படம் போட்டிருந்தாள். மரக் கட்டில்கள், கீழே இழுப்பறை. ரீஃபில் மாற்றி எழுதுகிறவர்கள் இப்போது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. எல்லாருமே கண்ணாடித் திரையில் எழுதித் துடைத்துவிடுகிறார்கள்.

வேன் போன அன்று சாயங்காலம் அம்முவிடம் கேட்டேன். "தியாகிட்ட ஏன் படிக்கலைன்னு சொன்ன? நாம படிச்சோம்லா?"

"சும்மா."

"சும்மான்னா?"

"எல்லாரும் அங்ஙனெதான் சொல்லும். படிச்சேன்னு சொல்லிட்டு மார்க் குறைஞ்சா நாணக்கேடு அல்லே அம்மா?"

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். நான் தலை பின்னும்போதும் வாய்ப்பாடு சொல்லவைத்தது ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல் என்று சொல்லலாம். சொல்லி, அவள் போய்ச் சொல்லி, அந்தக் குழந்தைகள் சிரித்தால்? ராணியைப் பற்றிச் சொல்லலாமா? ஏழு வயதுக் குழந்தையிடம் எதைச் சொல்வது? எழுந்து இட்லிக்கு அரைக்கப் போய்விட்டேன்.

போன வருடம்வரை அம்மு எதையாவது புதிதாகப் படித்துவிட்டால் பால்கனிக்கு ஓடுவாள். கம்பியில் ஏறி நின்று, "தியா, எனிக்கு அஞ்சு வரை அறியாம்" என்று எதிர் பிளாக்குக்குக் கேட்கக் கத்துவாள், ஐந்தாம் வாய்ப்பாடுவரை தெரியும் என்று. தியா அங்கிருந்து, "எனிக்கு ஆறு வரை" என்பாள். கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

நேற்று மறுபடியும் பட்டாணியை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆறாம் வாய்ப்பாடு. பாதியில் காலிங் பெல் அடித்தது. வெளியே தியாவின் குரல். நான் எழுவதற்குள் அம்மு எழுந்துவிட்டாள். கூட்டிவைத்த பட்டாணியைக் காலால் சோஃபாவுக்கு அடியில் தள்ளினாள். ஒன்று மட்டும் திரும்பி உருண்டு வந்தது. அதையும் குனிந்து எடுத்துப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போய்க் கதவைத் திறந்தாள்.