கிறகரி அண்ணைக்கு வைத்த மைக்

யாரையும் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கே இதில் பயத்தை விட அருவருப்புத்தான் அதிகம். கண்ணால் கண்டது மட்டும் என்றால் வேலைக் களைப்பு என்று விட்டிருப்பேன். ஆனால் நான் அதைத் தொட்டேன். என் விரலில் ஒட்டியது. இழுத்தபோது நூலாக வந்தது. அதற்குப் பிறகு கனகாலம் சோற்றைக் கையால் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். சந்தேகம் என்றால் என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் தியாகராசா. கிழமை நாட்களில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. சனி, ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாணம், பிறந்தநாள், கோயில் விழா என்று சவுண்ட் செற் போடுவேன். இங்கே கனடாவில், மொன்றியலில் கிறகரி அண்ணை பாடிய மேடைகளில் பாதிக்கு மேல் என்னுடைய செற்தான்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்னார்க்காரர். வெள்ளைக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கன்னத்தில் ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு பாடுவார். கராம்பு தொண்டைக்கு நல்லது என்பார். அவர் தந்தியில் கை வைத்தால் மணவறையில் இருக்கும் மாப்பிள்ளையும் எழும்பி ஆடுவான். அப்படி ஒரு குரல். போன ஏப்ரலில் காலமானார். தொண்டையில் ஏதோ வருத்தம் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அவருடைய ரசிகர்கள் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். வில்லரேயில் ஒரு தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் மண்டபம். ஏற்பாடு தேவதாசன். கர்க்லாண்டில் இருப்பவர். 'கிறகரியின்ர முதல் ரசிகன் நான்தான்' என்று எந்த மேடையிலும் சொல்லிவிடுவார்.

நான் போய் வயர் இழுத்து முடிக்கும்போது நாலரை. வெளியே இருட்டிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது.

மேடை நடுவில் தேவதாசன் ஒரு வெறும் கதிரை போட்டிருந்தார். பக்கத்தில் அந்த வெள்ளைக் கிற்றார்.

"கதிரைக்கு முன்னால ஒரு மைக் வையும், ராசா," என்றார்.

"ஆர் இருக்கப்போயினம்?"

"ஒருத்தரும் இல்லை. அது அண்ணைக்கு. கதைக்கிறவைக்கு மற்ற மைக்கைக் குடும். கடைசியில மகள் வந்து இதில பாடுவா."

நான் ஒரு புது மைக்கைப் பெட்டி உடைத்து எடுத்தேன். பொலித்தீன் உறையைக் கிழித்தது என்னுடைய கை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் தொழிலில் மைக்கின் கம்பி வலையை விட ஊத்தையான சாமான் இல்லை. ஒவ்வொரு வாயின் எச்சிலும் அதற்குள்தான் போகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். ஆனால் இது ஒரு வாயும் படாத மைக்.

கதிரையில் நானே இருந்து பார்த்து, வாய் உயரத்துக்கு வைத்து, ஸ்ராண்டை இறுக்கினேன்.

ஐந்து மணிக்குச் சனம் வந்துவிட்டது. நனைந்த ஜாக்கெட்டுகளின் வாடை. மட்டன் ரோல்ஸ் வாடை. முதல் வரிசையில் கிறகரி அண்ணையின் மனைவி அஞ்சலீனா அக்கா. பக்கத்தில் மகள் ஜொய்சி. பதினேழு வயது. அக்கா ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. இடையில் எழும்பிப் போகிறவர் மாதிரியே இருந்தார்.

ரசிகர்கள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். ஒருவர், கரண்ட் போன ஒரு கலியாணத்தில் அண்ணை மைக் இல்லாமல் ஒரு மணித்தியாலம் பாடியதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மேடையைப் பார்த்தேன்.

அண்ணையின் மைக் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

ஸ்ராண்ட் இளகியிருக்கும் என்று போய் உயர்த்தி இறுக்கிவிட்டு வந்தேன்.

அடுத்தவர் லவாலில் நடந்த பிறந்தநாளைப் பற்றிப் பேசினார். "அண்டைக்கு அண்ணைக்கு விரல் வெடிச்சு ரத்தம். நிப்பாட்டப் பார்த்தார். நாங்கள் விடேல்லையே. இன்னொண்டு, இன்னொண்டு எண்டு கேட்டுக் கேட்டு விடிய ஒரு மணி மட்டும் பாட வைச்சம். வெள்ளைக் கிற்றார் சிவப்பாப் போச்சு. அதெல்லோ கச்சேரி."

கை தட்டினார்கள். பெருமையோடு தட்டினார்கள். நான் மேடையைத் திரும்பிப் பார்த்தேன்.

மைக் மறுபடியும் இறங்கியிருந்தது. அதே அளவு. கதிரையில் ஒருவர் இருந்தால் அது வாய்க்கு நேரே இல்லை. கழுத்துக் குழிக்கு நேரே.

அப்போதுதான் என் மிக்சரில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பலகையில், அந்த விளக்கைக் கண்டேன். மைக்கில் சத்தம் வந்தால் பச்சையாக மின்னும் சின்ன விளக்கு. அண்ணையின் மைக்கை நான் அடைத்து வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் வராது. ஆனால் விளக்கு மின்னியது. அணைந்தது. மின்னியது. சீராக.

ஹெட்போனை மாட்டி அந்த மைக்கை மட்டும் கேட்டேன்.

ஸ்ஸ்ஸ்... ளொக்.

ஸ்ஸ்ஸ்... ளொக்.

மூச்சு. ஆனால் மூக்கால் விடுகிற மூச்சு இல்லை. வாயால் விடுகிறதும் இல்லை. ஜூஸ் முடிந்த பிறகும் ஸ்ட்ராவால் உறிஞ்சுவது மாதிரி. ஈரமாக. உள்ளே ஏதோ கொழகொழவென்று ஏறி இறங்கியது.

கதிரையைப் பார்த்தேன். வெறும் கதிரை.

அந்த நேரம் கத்தரின் என்ற பெண் பேச வந்தார். கைப்பையில் இருந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு லேஞ்சி. பழுப்பாக, மடிந்து, விறைத்துப்போன கைக்குட்டை.

"கடைசியாப் பாடின அண்டு அண்ணை வாய் துடைச்சுப் போட்டது. இருமி இருமித் துடைச்சவர். இன்னும் நான் தோய்க்கேல்லை," என்றார். கண் கலங்கியது. "மணந்து பாருங்கோ. கராம்பு மணக்குது."

உறை கைமாறி முதல் வரிசைக்குப் போனது. மூக்கருகே கொண்டுபோனார்கள். ஒருவர் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அஞ்சலீனா அக்காவிடம் வந்தபோது அவர் கையை நீட்டவில்லை. ஜொய்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் மெல்ல மேடைக்கு ஏறினேன். மைக்கை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

கிட்டப் போகும்போதே கராம்பு வாசம் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு நாற்றம். பூச்சாடியில் பல நாள் கிடந்த தண்ணீரின் நாற்றம்.

கம்பி வலையைத் தொட்டேன்.

சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. விரலை எடுத்தேன். ஈரம் கூடவே வந்தது. நூலாக. மஞ்சளாக. நடுவில் ஒரு சிவப்பு இழை.

சளி.

ஒரு வாயும் படாத மைக்கில்.

கழிவறைக்கு ஓடினேன். வாந்தி எடுத்தேன். சோப்புப் போட்டுப் போட்டுக் கையைத் தேய்த்தேன். அந்த வழுவழுப்பு போகவே இல்லை. வெளியே கை தட்டும் சத்தம் கேட்டது. தேவதாசனின் குரல் கேட்டது.

"வாங்கோ, ஜொய்சி. அப்பாவின்ர இடத்தில இருந்து, அப்பாவின்ர மைக்கில ஒரு பாட்டு."

ஓடி வந்தேன். அவள் எழும்பிவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்திருந்தார்.

"வேண்டாம், பிள்ளை."

"விடுங்கோ, அக்கா. அண்ணை கேட்டுக்கொண்டிருப்பார்," என்றார் தேவதாசன்.

பிள்ளை கதிரையில் இருந்தாள். கிற்றாரை மடியில் வைத்தாள். மைக்கை வாய்க்கு நேரே உயர்த்தினாள். கையை எடுத்தாள்.

அது இறங்கியது.

எல்லோரும் பார்க்க, மெதுவாக... தானாக... அவள் கழுத்துக்கு நேரே வந்து நின்றது.

மறுபடியும் உயர்த்தினாள். மறுபடியும் இறங்கியது. ஸ்ராண்ட் பழுது என்று நினைத்திருப்பாள். சிரித்தபடி குனிந்தாள்.

ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தேன். மூச்சு வேகமாகியிருந்தது.

ஸ்ஸ் ளொக். ஸ்ஸ் ளொக். ஸ்ஸ் ளொக்.

கம்பி வலையில் இருந்து ஒரு நூல் தொங்கியது. விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. அவள் உதடு அதற்குக் கிட்டப் போனது...

நான் மேடைக்குப் பாய்ந்தேன். வயரைப் பிடுங்கினேன்.

வயர் என் கையில்.

மைக்கில் ஒன்றும் இல்லை.

ஸ்பீக்கர் இரண்டும் அதிர்ந்தன.

ஸ்ஸ்ஸ்... ளொக்.

மண்டபம் முழுவதும் கேட்டது. எல்லோரும் உறைந்துபோனார்கள்.

பிறகு பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். இன்னொருவர் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அண்ணை பாட்டுக்கு முன்னால் எடுக்கும் மூச்சு, பழைய றெக்கோடிங் என்று நினைத்துவிட்டார்கள். அழுதார்கள். எழும்பி நின்றார்கள்.

"கிறகரி... கிறகரி..."

"இன்னொண்டு... இன்னொண்டு..."

அவர்கள் தட்டத் தட்ட அந்த மூச்சு வேகமாகியது. மூச்சு எடுக்க முடியாத ஒருவன் எடுக்கிற மூச்சு.

ஜொய்சியைப் பார்த்தேன்.

வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கை கழுத்தில். முகம் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

"கை தட்டாதேங்கோ," என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை.

அஞ்சலீனா அக்கா மேடைக்கு ஏறினார். ஓடவில்லை. ஜாக்கெட் பையில் இருந்து ஒரு டிஷ்யூவை எடுத்தார். அதன் நுனியைக் கூராக முறுக்கினார். மகளிடம் போகவில்லை. மைக்கைப் பிடித்தார். அந்தக் கம்பி வலையை ஒரு கையால் ஏந்தி, முறுக்கிய நுனியால் சுற்றிச் சுற்றி, மெதுவாக, நோகாமல் துடைத்தார். பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி. பழகிய கை.

ஸ்ஸ்... ளொக்...

ஸ்ஸ்...

நின்றது.

ஜொய்சி பெரிய இருமலோடு மூச்சை இழுத்தாள். அக்கா அவளை அணைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்தார்.

"காணும். கை தட்டினது போதும்," என்றார்.

அவ்வளவுதான். மகளைக் கூட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

அந்த மைக்கை நான் மூன்று பையில் கட்டி, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். திரும்பி வரும்போது தேவதாசன் என் முதுகில் தட்டினார். அவர் கண் இன்னும் ஈரமாக இருந்தது.

"நல்ல றெக்கோடிங், ராசா. எங்க எடுத்தனீர்? வாற வருசமும் போடுவம்."

நான் வயரைச் சுருட்டத் தொடங்கினேன். அவர் தட்டிய இடத்தைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

கிற்றாரை அக்கா விட்டுவிட்டுப் போயிருந்தார். தேவதாசன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டார். கொடுக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் வில்லரேயில் அக்காவின் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். ஜொய்சி நன்றாக இருந்தாள். என்னைக் கண்டதும் 'bonjour' என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். இனி மேடையில் ஏற மாட்டாளாம். அக்கா தேத்தண்ணி தந்தார்.

"அக்கா, அண்டைக்கு அது என்ன சத்தம்?"

அவர் எழும்பிப் போய் மகளின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உனக்குத் தெரியாது, ராசா. ஒருத்தருக்கும் தெரியாது. அவரின்ர குரல்வளையையே எடுத்தாச்சு. இஞ்ச," என்று தன் கழுத்துக் குழியைத் தொட்டார். "ஒரு ஓட்டை. அதாலதான் மூச்சு. சளி வந்து அடைக்கும். நான்தான் டிஷ்யூவை முறுக்கித் துடைச்சு விடுறது. ரசிகர்மாருக்குச் சொல்லிப்போடாதை எண்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டவர். எந்த நேரமும் கழுத்தில சால்வை சுத்திக்கொண்டுதான் இருப்பார்."



"ஆஸ்பத்திரியிலதானே மோசம் போனவர்?"

"அது சனத்துக்குச் சொன்னது. இந்த அறையிலதான் போனவர். அண்டைக்குத் தேவதாசனும் இன்னும் ரெண்டு பேரும் பார்க்க வந்தவை. அவையள் இருக்கினம்தானே எண்டு நான் ஃபார்மசிக்குப் போயிட்டன். திரும்பி வந்து படி ஏறேக்கயே கிற்றார் கேட்டது."

அவர் சுவரில் நான் சாத்தி வைத்த கிற்றாரைப் பார்த்தார்.

"ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கினம். அவருக்கு அவையள் எண்டா உயிர். மாட்டன் எண்டு சொல்லத் தெரியாது. சொல்லக் குரலும் இல்லை. தொண்டை கட்டியிருக்கு எண்டுதான் அவைக்குச் சொல்லி வைச்சது. வாயை மட்டும் அசைச்சு அசைச்சு வாசிச்சிருக்கிறார். சால்வைக்குக் கீழ அடைச்சுப்போட்டுது. அவையள் எங்க கண்டவை? நான் கதவடிக்கு வரக் கிற்றார் நிண்டுட்டுது."

"பிறகு?"

"கதவைத் திறந்தன். அவரின்ர கண் மேல சொருகிக் கிடந்தது. மூச்சு இல்லை."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"பாட்டு முடிஞ்சுது எண்டு நினைச்சு, அவையள் மூண்டு பேரும் எழும்பி நிண்டு கை தட்டிக்கொண்டிருந்தவை."