என் நாவலை யாருக்கு அனுப்புறதுன்னு அம்மன் சொன்னா

இந்தச் சன்னதியில உக்காந்திருக்கிற உங்ககிட்ட இதைச் சொல்லாம இருந்தா அது நன்றி இல்ல. என் பேரு கலைவாணி. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல இருக்கேன். வீட்டுக்காரருக்கு மைன்ஸ்ல ஷிப்ட் வேலை. நான் இங்கிலீஷ் டீச்சர்.

என் தங்கச்சி அமுதா சின்ன வயசுலயே, மழைத்தண்ணி தேங்கின பள்ளத்துல மூழ்கிப் போயிட்டா. அதுக்கப்புறம் எங்க வீட்ல அவ பேரையே யாரும் எடுக்கல. அந்தக் கதையைத்தான் இங்கிலீஷ்ல நாவலா எழுதினேன். என்ன கதைன்னு வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல.

எழுதி முடிச்சதும்தான் சோதனை. பெரிய பதிப்பகத்துக்குப் போகணும்னா லிட்டரரி ஏஜென்ட்னு ஒருத்தர் நடுவுல நின்னு பேசணும். எனக்குத் தெரிஞ்சது மூணு பேர். டெல்லியில ஒருத்தர், மும்பையில ஒருத்தர், கொச்சியில புதுசா ஆரம்பிச்ச ஒரு அம்மா. ஒருத்தர் வேணாம்னுட்டா மறுபடி அவர்கிட்ட போக முடியாது. டெல்லிக்காரர், தான் படிச்சு முடிக்கிற வரைக்கும் வேற யாருக்கும் காட்டக்கூடாதுன்னு கண்டிஷன் வச்சிருந்தார்.

"பெரிய இடம்தானே, அங்கயே அனுப்பிடு"ன்னார் வீட்டுக்காரர்.

என்னால முடியல. தப்பான கையில போனா அமுதா ரெண்டாவது தடவையும் போயிடுவாளோன்னு பயம். சோறு இறங்கல. க்ளாஸ்ல பாதியில நின்னுடுவேன். "தாயே, நீயே ஒருத்தரைக் காட்டு"ன்னு அழுதேன்.

போன வருஷம் ஆடி வெள்ளி, உச்சிவேளை. இதே எடத்துல நின்னேன். காடாம்புலியூர்ல முந்திரி உடைக்கிற ஒரு அம்மாவுக்கு அருள் வந்துச்சு. அவங்களை அதுக்கு முன்ன நான் பார்த்ததே இல்ல. கூட்டத்தை விலக்கிகினு நேரா எங்கிட்ட வந்தாங்க. என் கையைப் புடிச்சாங்க. அந்த வெயில்லயும் அவங்க கை ஜில்லுனு இருந்துச்சு.

"அக்கா."

சின்னப் பொண்ணு குரல். அமுதா என்னை அப்படித்தான் கூப்பிடுவா.

"தண்ணி பார்த்தவகிட்ட குடு."

அவ்வளவுதான். மயங்கி விழுந்தாங்க. தண்ணி தெளிச்சு எழுப்பினதும், "நான் எதுனா சொன்னனாம்மா?"ன்னு எங்கிட்டயே கேட்டாங்க.

வீட்டுக்கு வந்து மூணு ஏஜென்ட்டோட வெப்சைட் பக்கத்தையும் திரும்பப் படிச்சேன். கொச்சி அம்மாவோட பக்கத்துல, கடைசியில, ஒரு வரி இருந்துச்சு. 'வீட்டில் ஒருவரைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள் எழுதினால், முதலில் எனக்கு அனுப்புங்கள்.' எத்தனையோ தடவை படிச்ச பக்கம் அது. அந்த வரியை நான் பார்த்ததே இல்ல. அன்னிக்கே அவங்களுக்கு அனுப்பினேன்.

படிச்சிட்டுப் போன் பண்ணாங்க. தமிழ்லயே பேசினாங்க. அவங்க தம்பி அங்க காயல்ல, அந்த உப்பங்கழியில, மூழ்கிப் போனவனாம். அந்த வரியைப் பத்திக் கேட்டேன். அவங்க சொன்னாங்க:

"நீங்க அனுப்பின அன்னிக்கு, வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் சேர்த்தேன். எழுதணும்னு நெனைக்கவே இல்ல. யாரோ பின்னாடி நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. திரும்பினா ஆளில்ல. தரை மட்டும் ஈரமா இருந்துச்சு."

இப்ப ஒரு பதிப்பகம் புத்தகத்தை எடுத்துக்கிச்சு. அதைவிடப் பெருசு என்னன்னா, எங்கம்மா விஷயத்தைக் கேட்டதும், பெட்டியிலேர்ந்து அமுதா போட்டோவை எடுத்துக் கூடத்துல மாட்டச் சொல்லிட்டாங்க. தினம் அவளுக்குப் பூ வச்சுப் பேசுறாங்க.

எந்த வாசலைத் தட்டுறதுன்னு தெரியாம தவிக்கிறவங்க இங்க வாங்க. மனசு விட்டுக் கேளுங்க. அம்மன் சொல்லுவா. யார் வாயால சொல்லுவான்னு மட்டும் நமக்குத் தெரியாது. அந்த வாக்கைக் காதுல கேக்கறப்ப பயமாத்தான் இருக்கும். ஓடிடாதீங்க.