நான் மூடிய அணி

இலங்கையில் போர் முடிந்த மாதம். டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் கூடைப்பந்தாட்ட விதிக்குழுவின் செயலாளராக இருந்தேன். ஒரு கல்லூரியின் பெண்கள் அணியில், மாணவப் பதிவு ரத்தான நிசாந்தி என்ற பெண் விளையாடியதாக முறைப்பாடு வந்தது. விதிப்படி அணிக்கு இரண்டு வருடத் தடை விதித்தேன். கல்லூரி அணியையே கலைத்துவிட்டது. நான் எழுதிய தடைக் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்குப் பெருமை வேறு.

அணித்தலைவி துஷி வீட்டுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அங்கிள், வன்னியில நிசாந்தியின்ரை அம்மா, அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வகுப்புக்குப் போக ஏலாமல் இருந்தவள், அதாலதான் பதிவு போனது. விளையாட மட்டும்தான் வெளியில வந்தவள். நாங்கள் சொந்தமா ஒரு கழகம் தொடங்கப்போறம். அதுக்கு யாப்பு, விதிகள் எல்லாம் எழுதித் தாங்கோ."

"உங்கடை அணியை மூடினதே நான்தானே, பிள்ளை."

"ஓம், அதாலதான் வந்தனான். நீங்கள் எழுதினால் ஒருத்தராலயும் மூடேலாது."

மாணவர் அல்லாதவர்களும் விளையாடலாம் என்பதையே முதல் விதியாக எழுதினேன். முதல் ஆட்டத்தில் நிசாந்தியும் இறங்கினாள்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, எந்த முறைப்பாடு வந்தாலும் முதலில் காரணம் கேட்டேன். நடைமுறையில் அப்படி ஒரு படி இல்லை.