ஹீட்டரருகே காய்ந்த சப்பாத்து

அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் இன்று யாரோ ஹீட்டரருகே காயவைத்திருந்த ஈரச் சப்பாத்தின் மணம், தொண்ணூறுகளில் நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த சவுத்தாலில் இருந்த எங்கள் சீக்கிய டொக்டரின் கிளினிக்குக்கு என்னை இழுத்துப்போனது.

மழை கொட்டினாலும் அம்மா அந்த வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடுவார். "டொக்டரிட்ட சப்பாத்தோட போறதோ?" என்பார். டொக்டர் அதை எடுத்துவந்து, பேப்பர் விரித்து, ஹீட்டரருகே வைப்பார். ஞாயிறுகளில் சீக்கியக் கோயிலான குருத்வாராவுக்கு வருவோர் போவோரின் சப்பாத்துகளைத் துடைத்து அடுக்குவதும் அவர்தான். அது அவருடைய வழிபாடு.

ஊரில் அண்ணை காணாமல் போனதிலிருந்து அம்மாவுக்குத் தலையிடி. டொக்டர் இரும்புக் காப்பணிந்த கையால் நாடி பிடித்துப் பார்ப்பார். எழுதிக் கொடுக்க அவரிடம் மருந்தில்லை. கடைசியில் குனிந்து, சூடேறிய சப்பாத்தை அம்மாவின் காலடியில் வைப்பார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

டொக்டர் இறந்துவிட்டார். கிளினிக் இப்போது போன் கடை. அண்ணை வரவேயில்லை.

"டொக்டர் சப்பாத்தைக் கொண்டுவந்திட்டாரோ?" என்று அம்மா இன்று கேட்டார்.

"ஓம் அம்மா."

எந்தச் சப்பாத்தும் ஏறாதபடி வீங்கிப்போன கால்களைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு அவர் காத்திருந்தார்.