ரெண்டு பேருக்கு ஒரு வீடு

செஞ்சியிலிருந்து வந்த பஸ் கிளாம்பாக்கத்தில் என்னை இறக்கிவிட்டபோது காலை ஏழரை மணி. அங்கிருந்து தரமணி போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். வேலையைத் தொடங்கும் முன்னாலேயே ஆளைக் களைப்பாக்கிவிடும் ஊர் சென்னை. ஜூன் மாதம் என்றால் கேட்கவே வேண்டாம், குளித்தது வீண்.

தரமணியில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் விருந்தினர் அறையில் லொரெட்டா எனக்காகக் காத்திருந்தார். கறுப்பின அமெரிக்கர், எழுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சிறுமியாக இருந்தபோது, அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில், ஓட்டுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனவர். இங்கே நான்கு மாதம் தங்கி மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வந்திருக்கிறார். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். அவருக்குச் சர்க்கரை, முட்டி வலி. அதனால் இரவிலும் கூடவே தங்க ஒப்புக்கொண்டிருந்தேன். விருந்தினர் அறையை ஞாயிறு மதியம் காலி செய்ய வேண்டும். அன்று சனிக்கிழமை. ஒரே நாளில் சென்னையில் வீடு! நினைத்தாலே சிரிப்பு வந்தது.

பத்து மணிக்கு யூசுப் பாயின் ஆட்டோவில் கிளம்பினோம். நாள் முழுக்க ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று பேச்சு. "ஏறுக்கா, மெட்ராஸ்ல வூடு கெடைக்காம பூடுமா இன்னா? நா கீறேன்" என்றார். அந்தத் தெம்பு பதினொரு மணி வரை தாங்கியது.

முதல் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்து. கேட்டில் தொங்கிய அட்டையில் 'வாடகைக்கு, சைவம் மட்டும்' என்று இருந்தது. லொரெட்டா மீன்கூடச் சாப்பிடுவதில்லை. நான்? நான்கு மாதம் வாயைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். கதவைத் திறந்தவர் லொரெட்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி லொரெட்டாவைப் பார்த்தார். ஒரு நல்ல சிரிப்பு சிரித்தார்.

"பெயிண்ட் வேலை பாக்கி இருக்கும்மா. ரெண்டு மாசம் ஆகும்."

அவருக்குப் பின்னால் சுவர் புதுப் பெயிண்ட் வாசனையோடு பளபளவென்று நின்றது. லொரெட்டாவிடம், "பெயிண்ட் அடிக்கணுமாம். ரொம்ப வருத்தப்பட்டார்" என்றேன். அவர் ஒன்றும் வருத்தப்படவில்லை. அது நான் சேர்த்துக்கொண்டது.

பன்னிரண்டரைக்கு மேற்கு மாம்பலம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தி. நகர் ஜவுளிக்கடைகளுக்குப் போகும் கூட்டம், இந்தப் பக்கம் நாங்கள். வீட்டுக்காரர் மாடியிலிருந்தே எட்டிப் பார்த்து, "இப்பதான் ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கினேன்" என்றார். இறங்கிக்கூட வரவில்லை. வேறு யாருக்கோ தந்துவிட்டாராம், பாவம், நம் நேரம் சரியில்லை என்று லொரெட்டாவிடம் சொன்னேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கருப்பு என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏன் இந்த வியாதி? தாங்களும் அந்த நிறம்தானே!

லொரெட்டா ஆட்டோவில் சாய்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "செல்வி, நீ நல்லாத்தான் மொழிபெயர்க்கிற. ஆனா அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். எனக்கு அது சின்ன வயசிலேருந்து பழக்கம்" என்றார்.

பிறகு அவரே சொன்னார். சட்டம் வருவதற்கு முன்னால் அவர்கள் ஊரில் முகத்துக்கு நேரே சொல்வார்களாம், உங்களுக்கு வீடு இல்லை என்று. சட்டம் வந்த பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்களாம், இப்போதுதான் போயிற்று என்று. பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் கறுப்பினத் தம்பதி போய் வீடு கேட்கும். இல்லை என்றதும், சற்று நேரம் கழித்து வெள்ளைத் தம்பதி போய் அதே வீட்டைக் கேட்கும். அவர்களுக்குச் சாவியோடு வந்து காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இளம் வயதில் லொரெட்டா வாரக் கடைசியெல்லாம் இந்த வேலைதான் பார்த்தாராம்.

"இங்கயும் செஞ்சு பாப்போம்" என்றார்.

யூசுப் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த மாம்பலம் வீட்டு அட்டையில் இருந்த எண்ணுக்கு அவரே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "சார், டு-லெட் போர்டு பாத்தேன். வூடு கீதா?"

"இருக்கே, வந்து பாருங்க. உங்க பேரு?"

"யூசுப், சார்."

"அடடா, என் வொய்ஃப் யாருக்கோ குடுத்துட்டாளாம்ப்பா. எனக்கே இப்பதான் தெரியுது." போன் வைக்கப்பட்டது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "இன்னாக்கா இது, டெஸ்ட் வெக்க ஒரு ஆளு வோணும்னா நம்ம வண்டில ஒர்த்தரும் தேறலியே!" என்றார் யூசுப் பாய். லொரெட்டாவுக்கு அதை அப்படியே சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உடம்பெல்லாம் அசதி.

நாலரைக்கு அடையாறு. மரங்கள் அடர்ந்த தெரு, மாடியில் இரண்டு படுக்கையறை, வாடகை இருபத்தெட்டாயிரம். வீட்டுக்கார அம்மாள் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். லொரெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் அமெரிக்காவில் இருக்கிறானாம். போன புதிதில் ஒரு வீட்டுக்காரன் இந்தியன் என்று தெரிந்ததும் வீடு தர மறுத்துவிட்டானாம். "போன்ல அழுதான் மேடம். மனுஷனை மனுஷனா பாக்க மாட்டாங்களான்னு நான் ராத்திரி பூரா தூங்கல" என்றபோது அவர் கண் உண்மையாகவே கலங்கியது. எனக்கும் நெஞ்சு இளகிவிட்டது. அப்பாடா, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் இங்கதான் தங்கப்போறியாம்மா? சொந்த ஊரு?"

"செஞ்சி பக்கம்."

"ஊருக்குள்ளயா?"

இந்தக் கேள்வியை எத்தனை விதமாகக் கேட்டாலும் எனக்குத் தெரியும். பொய் சொல்லத் தெம்பில்லை. "இல்லம்மா, காலனி" என்றேன். எங்கள் தலித் குடியிருப்புக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் அது.

அந்த அம்மாளின் முகம் கடுமையாகவில்லை. அதே கனிவோடுதான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா. மேடம் தாராளமா தங்கட்டும். நீ காலைல வந்து வேலைய முடிச்சிட்டு சாயங்காலம் போயிடேன்."

"என்ன சொல்றாங்க?" என்றார் லொரெட்டா.

காலையிலிருந்து சர்க்கரை சேர்த்துச் சேர்த்து என் நாக்கு தேய்ந்து போயிருந்தது. இந்த முறை சேர்க்கவில்லை. "உங்களுக்குத் தருவாங்களாம். எனக்குத் தர மாட்டாங்களாம்."

லொரெட்டா காப்பியை மேசைமேல் வைத்தார். நன்றி சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

வாசலில் நான் கத்திவிட்டேன். "என்ன வீம்பு இது? நாளைக்கு மதியம் எங்க போய்ப் படுப்பீங்க? நான் திருவான்மியூர்ல ஹாஸ்டல் பாத்துக்கறேன். எனக்கு இது பழக்கம்."

"எனக்கும் பழக்கம். அதுக்காக நல்லாயிருக்குன்னு அர்த்தமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலைலேருந்து இந்த வீட்டுக்காரங்களுக்கு வலிக்காம நீதான் அவங்களுக்காகப் பொய் சொல்லிக்கிட்டிருக்க. இனி முதல்லயே உண்மையைச் சொல்லிடு. வேண்டாதவங்க போனை வைக்கட்டும். எனக்குப் படி ஏறுறது மிச்சம்" என்றார்.

கலாக்ஷேத்ரா பக்கம் ஒரு டீக்கடை ஓரமாக ஆட்டோவை நிறுத்தினார் யூசுப் பாய். வழியில் போட்டோ எடுத்து வைத்திருந்த டு-லெட் எண்கள் அவர் போனில் இருந்தன. ஒவ்வொன்றாக அழைத்தேன். "வீடு ரெண்டு பேருக்கு. ஒருத்தர் கறுப்பு அமெரிக்கர், வயசானவங்க. இன்னொருத்தி நான், செஞ்சி பக்கம் காலனிக்காரி. கறி சாப்பிடுவேன். வந்து பாக்கலாமா?" முதல் தடவை சொல்லும்போது வாய் குழறியது. ஒருவர் பேசாமல் வைத்தார். ஒருவர் ராங் நம்பர் என்றார். அடுத்தவர், இப்படியெல்லாமா போனில் சொல்வார்கள் என்று என்னையே திட்டினார். ஆச்சரியம், எனக்கு வலிக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், யாரும் வாயைத் திறந்து கேட்பதில்லை. இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது, அதனால் துருவித் துருவிக் கேட்கிறார்கள். சென்னைக்கும் செஞ்சிக்கும் நான் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

இருட்டத் தொடங்கியபோது மந்தைவெளியில் ஒரு எண். எடுத்தது ஒரு பெண் குரல், பின்னணியில் குக்கர் விசில். அதே வாக்கியங்களைச் சொல்லி முடித்தேன். குக்கர் இன்னொரு விசில் அடித்தது. இதுவும் போச்சு என்று போனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன்.

"இரும்மா, அடுப்ப அணைச்சிட்டு வரேன்" என்றது அந்தக் குரல். திரும்பி வந்து, "அந்தம்மாவுக்கு வயசு எவ்ளோன்னு சொன்ன? ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. மோட்டார் காலைல ஒரு வேளைதான் போடுவேன், தண்ணி புடிச்சி வெச்சிக்கணும். பரவால்லியா?"

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தெருவில் நின்று அழுதேன். லொரெட்டா என்னைப் பார்த்துப் பயந்துபோய், "என்ன சொன்னாங்க?" என்றார்.

"தண்ணி புடிச்சி வெச்சிக்கணுமாம்" என்றேன்.