வெயிட் பண்ணு

அடுத்த வீட்டுத் தொலைபேசியில் மல்லிகைப்பூவும் வெற்றிலையும் தலைவலித் தைலமும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். திண்டிவனத்தில் எங்கள் தெரு முழுக்க அந்த ஒரே கருவியில்தான் வாய் வைத்துப் பேசியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வீட்டுக்காரர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்ததால் அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு மட்டும் இணைப்பு கிடைத்திருந்தது, மற்றவர்கள் எல்லாரும் வெளியூர்ச் சொந்தங்களுக்கு அந்த எண்ணையே எங்கள் "பி.பி. நம்பர்" என்று கொடுத்து வைத்திருந்தோம். கூப்பிடுகிறவர், இன்னார் வீட்டில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவார். அந்தப் பத்து நிமிடம் எனக்கு நரகம்.

குவைத்தில் வேலை பார்த்த அப்பா வெள்ளிக்கிழமை மதியங்களில், நான் பள்ளியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருக்கும் நேரத்தில் கூப்பிடுவார். அம்மா முகம் கழுவி, பவுடர் போட்டு, புடவை மாற்றிக்கொண்டு போவாள், அங்கிருந்தே அவருக்குத் தெரியப்போகிறது என்பதுபோல. நான் நாற்காலியில் ஏறி இறங்கி, கருவியின் மேல் போர்த்திய பின்னல் துணியின் ஓட்டைகளில் விரலை விட்டு, வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து, ஒரு இடத்தில் நிற்க மாட்டேன். "ஏன் பாப்பா இப்படி ஆடிக்கினே இருக்க? கொஞ்ச நேரம் வெயிட் பண்ண மாட்டியா?" என்று ஸ்டெல்லா அக்கா அதட்டுவாள்.

தமிழில் இதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? "இரு" என்று ஒன்று உண்டு. சொன்னவர் சோறு ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடுவார். "பொறு" என்றால் பின்னாலேயே அடி விழலாம். "காத்திரு" கோயிலில் சாமியாரின் பிரசங்கத்தில் வரும், அதோடு சரி. மீதி வாழ்க்கை முழுவதற்கும் "வெயிட்"தான். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, விழுப்புரம் ஜங்ஷன் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். சின்ன வயதிலேயே எனக்கு ஒன்று புரிந்தது: அதைச் சொல்கிறவர் காத்திருப்பதில்லை. டாக்டர் நோயாளிக்குச் சொல்வார், மாமியார் மருமகளுக்குச் சொல்வாள், எல்லாரும் எனக்குச் சொல்வார்கள். மேலிருந்து கீழே மட்டும் வருகிற சொல் அது. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அம்மாவுக்கு அதை அதிகம் சொன்னவர் அப்பா. கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்தவள் அம்மா. வேலை என்று பேச்செடுத்தாலே, "நான் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணு" என்பார் அப்பா. வளவனூரில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், "பொறுத்தார் பூமியாள்வாரும்மா" என்று ஒத்து ஊதுவார். அம்மா எனக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது குரல் தானாக உயர்ந்துவிடும். எதிரே நான் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே அவளுக்கு மறந்துவிடும். அதைக் கேட்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு வருஷம் காலாண்டு லீவில், தெருமுனையில் நான் படித்த கன்னியர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலையை விட்டுவிட்டார். தலைமை சிஸ்டரே வீடு தேடி வந்தார். "வெள்ளிக்கிழம மூணு மணிக்குள்ள சொல்லிடும்மா. அதுக்கு மேல வேற ஆளப் போட்டுருவேன்." அந்த வாரம் முழுக்க அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்கவிட்டாள். அவளுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

வெள்ளிக்கிழமை அழைப்பு தாமதமாக வந்தது. கடல் தாண்டிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். அப்பா சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "ஜல்தில எதுவும் முடிவு பண்ணாத. நான் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணு."

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாகப் போகிறது. "என்னங்க, நீங்க ஒரு நிமிஷம் வெயிட் பண்ணுங்க. இதோ வந்துடுறேன்," என்றாள். ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். ஸ்டெல்லா அக்கா வாயில் கையை வைத்தாள்.

"அம்மா எங்க பாப்பா?" என்றார் அப்பா.

"கான்வென்ட்டுக்குப் போயிருக்குப்பா. உன்ன வெயிட் பண்ணச் சொல்லிச்சு."

டெலிபோன் பூத்தில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஏதேதோ மொழியில் முணுமுணுப்பது கேட்டது. வைத்துவிடுவாரோ என்று பயந்து, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "வர லேட்டாவுமா?" என்றார். தெரியாது என்றேன். பிறகும் அவர் வைக்கவில்லை.

அம்மா மூச்சிரைக்க வந்து வாங்கினாள். "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"திங்கக்கிழமைலேர்ந்து வர்றேன்னு சொல்லிட்டேங்க."

"பாப்பாவ யாரு பாத்துப்பாங்க?"

"அதே ஸ்கூல்தானே படிக்குது. எங்கூடவே வந்துடும்."

அப்புறம் அப்பா சொன்னார்: "சரி. வெயில்ல போவாத, குடை எடுத்துக்கினு போ."

விஷயம் கேட்டு வளவனூரிலிருந்து கிளம்பி வந்த மாமா, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று ஆரம்பித்தார். "எனக்கு பூமியெல்லாம் வேணாம்ண்ணா, மூணாங்கிளாஸ் போதும்," என்று சொல்லிவிட்டு அம்மா அவருக்குக் காபி போடப் போனாள்.

அந்த மூன்றாம் வகுப்பை அம்மா ஓய்வு பெறும்வரை விடவில்லை. இப்போது ஸ்டெல்லா அக்கா வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. தொலைபேசிக் கம்பிகள் போய்விட்டன. "பி.பி. நம்பர்" என்றால் என்னவென்று என் மகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனதற்கெல்லாம் பெருமூச்சு விடுகிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. ஆனால் "நான் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணு" என்று அப்பா சொல்வது அந்த வெள்ளிக்கிழமையோடு எங்கள் வீட்டில் நின்றுபோனதே, அதற்காக மட்டும் நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.