ரயில்வே கேட்டில் கேட்ட தவில்

1927 அக்டோபர் 27, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காற்றில்லாத புழுக்கம், மலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. ஆம்பூருக்கு முன்னால் ரயில்வே கேட்டில் என் வண்டி நின்றது. முன்னால் இருபத்திரண்டு வண்டிகள். கூட்ஸ் ரயில் ஒன்று பாதையை அடைத்து நின்றுவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து வேறு இஞ்சின் வந்தால்தான் நகரும் என்றார் கேட்காரர்.

என் வண்டியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை, முப்பத்தாறு மூட்டை. பட்டை நனைந்தால் அதன் சாரம் மழையோடு போய்விடும். பதனிட்ட தோல் திட்டுத்திட்டாகக் கறுக்கும். போன மாதம் ஒரு தடவை அப்படி ஆயிற்று. "இன்னொரு தபா ஈரப்பட்டை வந்துச்சுன்னா, நீயும் வர வேணாம்" என்றார் தோல் ஷாப் முதலாளி சாயபு. வீட்டில் ஏழு வாய்.

பக்கத்து வண்டியில் ஆம்பூர்க் கல்யாணத்துக்குப் போகும் மேளக்காரர்கள் இருவர். என் வண்டிக்காரன் சும்மா இருக்கவில்லை.

"இன்னா நாயனக்காரரே, குந்திகினுதான இருக்கீங்க? ஒண்ணு ஊதுங்க!"

"ஊதறேன். பணம் யாரு வெப்பா?"

"என் மாடு வெக்கும், சூடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஊதத் தொடங்கினார், கூட இருந்தவர் தவிலைத் தட்டினார். இரும்பு ரயிலுக்கும் வண்டி வரிசைக்கும் நடுவே நாயனம் எழும்பியதும் மாடுகள்கூட அசை போடுவதை நிறுத்தியதுபோல் இருந்தது. மேகத்தை எத்தனை நிமிடம் மறந்தேன் என்று தெரியவில்லை. நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

பிறகு தவிலின் ஒலி கொஞ்சம் கீழே இறங்கியது. தவில்காரர் வாரை இழுத்துக் கட்டினார். ஒலி மறுபடி இறங்கியது. பத்தொன்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்தவன் நான். தோல் காற்றிலிருந்து ஈரம் குடிப்பது எனக்குத் தெரியும். வண்டிக்காரனைக் கூப்பிட்டேன்.

"தார்ப்பாயை இழுப்பா! மழை வருது!"

இழுத்துக் கட்டுவதற்குள் முதல் துளி விழுந்தது. மூட்டைகளை மூடத் தார்ப்பாய் சரியாக இருந்தது. ஒரு சாண்கூட மிச்சமில்லை. தவில்காரர் தவிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர்கள் வண்டிக்குக் கூண்டு இல்லை.

"ஐயா, இது நனைஞ்சா ராத்திரி இன்னாத்த வாசிப்பேன்? கொஞ்சம் உள்ள வெச்சிக்கறேன்யா."

"எடமே இல்லப்பா. என் வேல போயிடும்."

அவர் முதுகை மழைக்குக் கொடுத்துத் தவிலின் மேல் குனிந்துகொண்டார். ஓர மூட்டை ஒன்றை இழுத்து வெளியே தள்ளி, அந்த இடத்தில் தவிலை வைக்கச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கொட்டியது. வெளியே கிடந்த மூட்டையிலிருந்து செந்நீர் வழிந்து சக்கரத்தடத்தில் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் திறந்ததும் அதையும் ஏற்றிக்கொண்டோம். ஆம்பூர் சேரும்வரை மற்ற மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

முதலாளி ஒவ்வொரு மூட்டையிலும் கை விட்டார். முப்பத்தைந்து காய்ந்திருந்தன.

"இது ஒண்ணு மட்டும் எப்டி?"

"தவிலுக்கு இடம் கொடுத்தேனுங்க."

முதலாளி ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். இரண்டு தெரு தள்ளி, மாப்பிள்ளை ஊர்வலத்தில் அதே தவில் கணீரென்று முழங்கியது.

"இதுவா?"

"ஆமாங்க."

"நாளைக்கு நேரத்தோட வா" என்றார். அந்த மாதச் சம்பளத்தில் நனைந்த மூட்டைக்காகப் பிடித்தது ஒரு ரூபாய் பதினாலணா.